சீல் மாப்பிள்ளையின் கதாநாயக வேடம்

நான் லிஃப்ட் ஆய்வாளர் என்று தெரிந்ததும் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். "சார், கயிறு அறுந்தா என்ன ஆகும்?"

ஒன்றும் ஆகாது. ஒரு கயிறு இல்லை, நான்கைந்து எஃகுக் கயிறுகள் இருக்கின்றன. அத்தனையும் ஒரே நேரத்தில் அறுந்தாலும், பெட்டி வேகமெடுத்த மறுகணம் அதன் அடியில் இருக்கும் இரும்புத் தாடைகள் இரண்டு பக்கத் தண்டவாளத்தையும் கவ்விக்கொள்ளும். நீங்கள் கொஞ்சம் குலுங்குவீர்கள், நிறையக் கத்துவீர்கள், அவ்வளவுதான்.

ஆபத்து கதவில் இருக்கிறது. இதை யாரும் கேட்பதில்லை, ஆனால் நான் சொல்லாமல் விடுவதில்லை. ஒவ்வொரு மாடியிலும் ஒரு வெளிக்கதவு. அதில் ஒரு பூட்டு. அந்தப் பூட்டு இரண்டு வேலை செய்கிறது. ஒன்று, பெட்டி அந்த மாடியில் வந்து நின்றால் ஒழியக் கதவைத் திறக்க விடாது. இரண்டு, கதவு சரியாக மூடியிருக்கிறது என்று மோட்டாருக்குத் தகவல் சொல்லும். நகம் அளவு செம்புத் துண்டுகள் ஒன்றையொன்று தொட்டால் மின்சாரம் போகும், விலகினால் போகாது. எல்லா மாடிக் கதவுகளும் இப்படிக் கைகோத்து நிற்கின்றன. ஒருவர் கையை விட்டால் போதும், மோட்டார் நின்றுவிடும். எவ்வளவு எளிமை, எவ்வளவு அழகு! கல்யாணங்களில் இதை நான் விளக்க ஆரம்பித்தால் பக்கத்து நாற்காலிகள் காலியாகும். பழகிவிட்டது.

கல்யாணம் என்றதும் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். என் மைத்துனியின் திருமணத்தன்று காலை, அந்த மண்டபத்து லிஃப்டை நான் சீல் வைத்துவிட்டேன். பிரேக் கட்டை தேய்ந்திருந்தது. மணமகன் நான்கு மாடி ஏறி வந்து, குளத்தில் விழுந்து எழுந்தவர் மாதிரி நின்றார். அன்று முதல் மனைவி வீட்டில் எனக்குச் 'சீல் மாப்பிள்ளை' என்று பெயர். குழந்தைகளும் அப்படித்தான் கூப்பிடுகின்றன.

எங்கள் துறையின் விதி அப்படி. உயிருக்கு ஆபத்தான பழுதை எங்கே கண்டாலும், பணியில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அங்கேயே மெயின் சுவிட்சை அணைத்து, சிவப்பு அட்டை தொங்கவிட்டு, கம்பியும் ஈயமும் வைத்து மூடிவிட வேண்டும். அட்டையும் கம்பியும் ஈயமும் எப்போதும் என் தோள்பையில் இருக்கும். இருபத்தாறு வருடங்களாக நான் இந்த விதியை மீறியதில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை. மீறத் தூண்டுகிற மாதிரி எதுவும் எனக்கு நடந்ததில்லை, அதனால் சொல்கிறேன்.

பிறகு நடந்தது.

எங்கள் ஊரில் ஒரு நாடகக் குழு உண்டு. நடத்துபவர் ஒரு பல் டாக்டர். வருடத்துக்கு ஒரு நாடகம், ஒரே ஒரு தடவை, ஒரு சனிக்கிழமை மாலை. பதினொரு வருடங்களாக நான் அதில் இருக்கிறேன். இரண்டு முறை பிணம், மூன்று முறை தபால்காரர், ஒரு முறை வாயிற்காவலர், மீதி வருடங்கள் கூட்டத்தில் ஒருவன். பிணமாக நடித்தபோது ஒரு முறை தும்மிவிட்டேன். அதுதான் எனக்குக் கிடைத்த ஒரே கைத்தட்டல்.

"உங்க மூஞ்சியில பொய் நிக்க மாட்டேங்குது சார்," என்பார் டாக்டர். "பல்லு மட்டும் நல்லா இருக்கு."

இந்த வருடம் கதாநாயகன் ஒரு மோசடிக்காரன். தனக்குச் சொந்தமில்லாத ஒரு வீட்டை ஒரே வாரத்தில் நான்கு குடும்பங்களுக்கு விற்கிறவன். வழக்கமாகக் கதாநாயகனாக வரும் வங்கி அதிகாரிக்கு மாற்றல் வந்துவிட்டது. ஆள் வரும்வரை சும்மா வசனத்தைப் படியுங்கள் என்று என்னிடம் தாளைக் கொடுத்தார்கள். படித்தேன். இரண்டாம் பக்கம் வருவதற்குள் அறை அமைதியாகிவிட்டது. குழாயைத் திறந்துவிட்ட மாதிரி என் வாயிலிருந்து பொய் கொட்டியது. ஐம்பத்து மூன்று வருடம் சொல்லாமல் சேர்த்து வைத்த பொய் அத்தனையும்.

எங்கள் குழுவில் மருந்துக்கடைக்காரர் ஒருவர் இருக்கிறார். எல்லோருடைய வசனமும் அவருக்கு மனப்பாடம். மறைவில் நின்று எடுத்துக்கொடுப்பது அவர் வேலை. அவர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "சார், உங்ககிட்ட நான் வீடு வாங்கிடுவேன் சார்," என்றார். வீட்டுக்கு நடந்தே போனேன். பஸ்ஸில் உட்கார்ந்து போகிற சந்தோஷமாக அது இல்லை.

நாடகம் நடக்கும் அரங்கம் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருக்கிறது. கீழே இரண்டு மாடியும் அலுவலகங்கள். பார்வையாளர்களில் பெரும்பாலோர் ஓய்வுபெற்றோர் சங்கத்து ஆட்கள். வருடம் தவறாமல் எண்பது பேர் வருவார்கள். எண்பது பேர் என்றால் நூற்றறுபது முழங்கால். ஆகவே லிஃப்ட்.

நாடகத்துக்கு முந்தைய திங்கட்கிழமை ஒத்திகை முடிந்து டாக்டரும் நானும் கீழே இறங்கினோம். கையால் இழுத்து மூடுகிற கதவு அது. நான் சரியாக இழுக்கவில்லை போல, கதவு துள்ளித் திரும்பி ஒரு சாண் திறந்து நின்றது. டாக்டர் பொத்தானை அழுத்தினார். பெட்டி நகர்ந்தது.

கதவு திறந்திருக்கும்போது பெட்டி நகர்ந்தது.

உங்களுக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாது. எனக்கு, கழுத்தில் தலை இல்லாத ஒருவர் வந்து மணி கேட்ட மாதிரி இருந்தது. கையை விட்டுவிட்ட ஒருவரின் இடத்தில் யாரோ ஒரு கம்பியைச் சொருகி, 'எல்லோரும் கைகோத்துத்தான் நிற்கிறோம்' என்று மோட்டாரிடம் பொய் சொல்ல வைத்திருக்கிறார்கள். பூட்டும் பிடிக்கவில்லை. அதாவது, பெட்டி எந்த மாடியில் இருந்தாலும் மூன்றாம் மாடிக் கதவை யார் வேண்டுமானாலும் திறக்கலாம். திறந்தால் எதிரே காற்று.

"நாலாவது காட்சியில அந்தச் சிரிப்பு இருக்கே சார், அதை மட்டும் இன்னும் கொஞ்சம் மெதுவா," என்றார் டாக்டர்.

"சரி டாக்டர்," என்றேன்.

இரண்டாம் மாடியைக் கடக்கும்போது நான் ஆய்வாளராக இருந்தேன். தரைக்கு வந்தபோது நடிகனாக இருந்தேன். பையிலிருந்த சிவப்பு அட்டை எடுக்கப்படாமலே வீட்டுக்கு வந்தது.

மறுநாள் அந்தக் கட்டடத்து லிஃப்டைப் பராமரிக்கும் மெக்கானிக்குக்கு போன் செய்தேன். தெரிந்த பையன்தான், இருபது வருடத் தொழில், வேலை தெரிந்தவன்.

"மூணாவது மாடியில வயரா போட்டே?"

"சார், அபிஷியலா கேக்கறீங்களா, அன்பா கேக்கறீங்களா?"

"அன்பா."

"அன்பா கேட்டா, ஆமா சார். பூட்டு நாக்கு தேஞ்சு போச்சு. அந்த மாடலே இப்ப வர்றதில்லை. சொல்லி வச்சிருக்கேன், மூணு வாரம் ஆகும். அரங்கத்து மேனேஜர் தலைமேல ஏறி உக்காந்துக்கிட்டாரு. லிஃப்ட் ஓடணும், ஓடணும்னு ஒரே பாட்டு."

"வயரை எடுத்துட்டா?"

"எடுத்துட்டா ஓடாது சார். சனிக்கிழமை உங்க டிராமான்னு மேனேஜர் சொன்னாரே. அபிஷியலா வந்துடாதீங்க சார், நானும் டிக்கெட் வாங்கிட்டேன்."

இதைக் கேட்டு நான் கோபப்பட்டிருக்க வேண்டும். டிக்கெட் வாங்கியிருக்கிறானே என்று சந்தோஷப்பட்டேன்.

என் மனைவி பள்ளியில் கணக்கு டீச்சர். காலையில் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். அவளிடம் சொன்னேன். சொல்லும்போதே என் தரப்பு வாதத்தையும் சேர்த்துச் சொன்னேன். பகலில் மூன்றாம் மாடிக்கு யாரும் போவதில்லை. ஒத்திகைக்கு வருகிறவர்கள் ஏழு பேர், அவர்களை நான் பார்த்துக்கொள்வேன். இன்னும் நான்கு நாள்தான். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் முதல் வேலையாகச் சீல்.

"தங்கச்சி கல்யாணத்துல ஒரு நாள் தள்ளி வச்சிருக்கலாம்ல?" என்றாள் தலை நிமிராமல்.

"அது பிரேக்கு."

"இது?"

"இது கதவு."

"எது மோசம்?"

"கதவு," என்றேன். கேள்வி கேட்டால் சரியான பதில் சொல்லிவிடுகிற கெட்ட பழக்கம் எனக்கு.

அவள் பேனாவை வைத்தாள். "நீங்க என்கிட்ட என்ன எதிர்பாக்கறீங்கன்னு தெரியுது. ஒரு தடவையாவது மனுஷனா இருங்கன்னு நான் சொல்லணும். பதினெட்டு வருஷமா அதைத்தான் சொல்லிக்கிட்டு இருக்கேன். இன்னிக்குன்னு பாத்து சொல்ல வாய் வரல."

"நான் சீல் வச்சா ஒண்ணும் நடக்காது. வைக்கலேன்னாலும் அநேகமா ஒண்ணும் நடக்காது. ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"அநேகமா," என்றாள், பேனாவை மறுபடி எடுத்துத் தாளில் சிவப்பு மையால் ஒரு சுழி போட்டபடி.

அவள் சொன்னதைப் பற்றி விளக்கமாக யோசித்தேன். என் தொழிலின் கஷ்டமே இதுதான். சமையல்காரர் சமைத்தால் சாப்பாடு தெரியும். டாக்டர் பல் பிடுங்கினால் பல் தெரியும். நான் வேலை செய்தால் எதுவும் நடக்காது. ஒன்றும் நடக்காததைப் பார்த்து யார் கைதட்டுவார்கள்? இருபத்தாறு வருடமாக நடக்காமல் போன விபத்துகளின் மேல் ஏறி நிற்கிறேன். ஒருவர்கூட நின்று பார்த்ததில்லை. சனிக்கிழமை எண்பது பேர் பார்க்கப் போகிறார்கள்.

ஆகவே நடுவழி ஒன்று கண்டுபிடித்தேன். புதன்கிழமை ஒத்திகைக்குக் கொஞ்சம் முன்னதாகப் போய், ஒரு அட்டையில் 'லிஃப்ட் பழுது, படியில் வரவும்' என்று எழுதி மூன்றாம் மாடிக் கதவில் மாட்டினேன். சீல் வைக்கவில்லை, பொய்யும் சொல்லவில்லை, லிஃப்ட் பழுதுதானே. ஒத்திகை நடந்துகொண்டிருக்கும்போது அரங்க மேனேஜர் அந்த அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"எவனோ விஷமி சார். நல்லா ஓடிக்கிட்டு இருக்கற லிஃப்டுல போர்டு மாட்டியிருக்கான். நல்ல வேளை நீங்களே இருக்கீங்க. நீங்க சொல்லுங்க இன்ஸ்பெக்டர் சார், லிஃப்டு எப்படி இருக்கு?"

குழு முழுவதும் என்னைப் பார்த்தது. இருபது நொடிக்கு முன்புதான் ஒரு விதவைக்கு வீட்டை விற்றுமுடித்திருந்தேன், அத்தனை சரளமாக. இப்போது நாக்கு மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

"எழுத்து நல்லா இருக்கு," என்றேன்.

"என்ன சார்?"

"போர்டுல எழுத்து. கோணல் இல்லாம இருக்கு."

மேனேஜர் அதைச் சான்றிதழாக எடுத்துக்கொண்டார். அன்றே வாசலில் நின்று சங்கத்துச் செயலாளரிடம் அவர் போனில் பேசியதை என் காதால் கேட்டேன். "பயப்படாம வாங்கய்யா. லிஃப்டு இன்ஸ்பெக்டரே தினம் அதுலதான் ஏறி எறங்கறாரு!"

அன்று இன்னொன்றும் நடந்தது. போஸ்டர் ஒட்டினார்கள். நீளமான, ஒல்லியான போஸ்டர். நடுவில் என் முகம், ஒரு புருவம் மட்டும் தூக்கியபடி. வாழ்க்கையில் முதல் முறையாக என் முகம் அச்சில் வந்திருந்தது. அது எங்கே ஒட்டியிருக்கிறது என்று பார்க்காமல், எப்படி இருக்கிறது என்று மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வியாழக்கிழமை நான்கு மணிக்கே அரங்கத்துக்குப் போனேன். படியேறி மேலே வந்தபோது, கட்டடத்தைச் சுத்தம் செய்யும் அம்மா மூன்றாம் மாடியில் துடைத்து முடித்துக் கிளம்பிக்கொண்டிருந்தார். ஆக, பகலில் மூன்றாம் மாடிக்கு யாரும் வருவதில்லை என்று நான் சொன்னது பொய். தினமும் வருகிறார். நான் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

அந்த அம்மா என்ன செய்தார் என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன். வலது கையால் கதவைத் திறந்தார். திறந்த கதவு மூடாமல் இருக்கக் குதிகாலால் அணை கொடுத்தார். பிறகு லிஃப்டுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, இரண்டு கையாலும் தண்ணீர் வாளியைப் பிடித்து இழுத்தபடி, பின்புறமாக உள்ளே போனார். பார்க்கவே இல்லை. ஏன் பார்க்க வேண்டும்? கனமான பொருளை இழுப்பவர்கள் எல்லோரும் பின்னால் நடந்துதான் உள்ளே போவார்கள். கதவு திறந்தால் பெட்டி இருக்கிறது என்று அர்த்தம். அந்த நம்பிக்கையின் மேல்தான் அவர் காலை வைத்தார்.

அன்று பெட்டி இருந்தது.

நான் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தக் கதவில் கண்ணாடிப் பட்டை ஒன்று உண்டு. ஒல்லியான, நீளமான கண்ணாடி. எதற்கு? பெட்டி வந்துவிட்டதா இல்லையா என்று வெளியில் நிற்பவர் பார்ப்பதற்கு. உள்ளே வெளிச்சம் தெரிந்தால் பெட்டி இருக்கிறது, இருட்டாக இருந்தால் இல்லை. பூட்டு கெட்டுப்போன பிறகு அந்தக் கதவில் உண்மை பேசிக்கொண்டிருந்தது அந்தக் கண்ணாடி ஒன்றுதான். அதன் மேல், அளவெடுத்து வெட்டின மாதிரி, என் முகம் ஒட்டியிருந்தது. ஒரு புருவத்தைத் தூக்கிக்கொண்டு.

நகத்தால் சுரண்டினேன். நல்ல பசை. ஒரு காது மட்டும் வந்தது.

டாக்டர் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். கம்பி, பூட்டு, கண்ணாடி, வாளி, எல்லாம். வேர் சொத்தையாகிவிட்டது என்று நோயாளியிடம் தினமும் சொல்கிறவர் என்பதால், கெட்ட செய்தியை அவர் நன்றாகக் கேட்டுக்கொண்டார்.

"மூணாவது மாடியில மட்டும்தானே பிரச்சினை?"

"ஆமா."

"அங்க விஷயம் தெரிஞ்ச ஒரு ஆள் நின்னு, பெட்டி வந்திருக்கான்னு பாத்து, கதவைத் திறந்து விட்டா போதுமா?"

"சட்டப்படி கூடாது."

"சட்டத்தை விடுங்க. போதுமா?"

"போதும்," என்றேன். மறுபடியும் அந்தக் கெட்ட பழக்கம்.

"அப்ப முடிஞ்சுது. நீங்க நில்லுங்க. உங்களை விட விஷயம் தெரிஞ்ச ஆள் யாரு? ஜனங்க வர்றப்ப, இடைவேளையில, போறப்ப, நடுவுல பாத்ரூமுக்குப் போறவங்களுக்கும். நீங்க அந்தப் பக்கம் இந்தப் பக்கம் நகரக் கூடாது."

"நான் எல்லா காட்சியிலயும் வர்றேனே டாக்டர்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நம்ம மருந்துக்கடைக்காரருக்கு எல்லா வசனமும் மனப்பாடம்."

அடுத்து எனக்குள் நடந்ததை, ஒரு இயந்திரம் எப்படி வேலை செய்கிறது என்று சொல்வது போல ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். வேடம் கையை விட்டுப் போன அந்த நொடியே என் நேர்மை ஓடோடி வந்துவிட்டது. திங்கள் முதல் எங்கே ஒளிந்திருந்ததோ தெரியாது, முழுச் சீருடையில் வந்து நின்றது. கதவுக்கு ஆள் நிறுத்துவதா? அது விதிமீறல். ஒரு நொடி கவனம் தவறினால் ஓர் உயிர். அனுமதிக்கவே முடியாது. சீல் வைத்தாக வேண்டும், நாளைக் காலையே! அதற்குப் பின்னால், சீருடையின் முதுகைப் பிடித்துத் தள்ளியபடி, இன்னொரு குரலும் வந்தது. லிஃப்டுக்குச் சீல் வைத்துவிட்டால் அந்தக் கதவுக்குக் காவல் தேவையில்லை. காவல் தேவையில்லை என்றால் மருந்துக்கடைக்காரர் தேவையில்லை.

வெள்ளிக்கிழமை காலை மெயின் சுவிட்சை அணைத்து, எல்லா மாடிக் கதவுகளையும் கட்டி, அவற்றில் சிவப்பு அட்டை தொங்கவிட்டு, கம்பி முறுக்கி, ஈயத்தை நசுக்கினேன். மேனேஜர் என் பின்னாலேயே வந்து, "முந்தாநேத்து எழுத்து நல்லா இருக்குன்னு சொன்னீங்களே சார்!" என்று புலம்பிக்கொண்டிருந்தார். மெக்கானிக் போன் செய்து, "இது அன்பா சார்?" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டான். அவன் மேலும் அறிக்கை எழுதினேன். என்னைப் பற்றியும் எழுதினேன், திங்கட்கிழமை பார்த்தும் வெள்ளிவரை மூடவில்லை என்று. அதற்குத் தனிக் கட்டம் எதுவும் படிவத்தில் இல்லை, ஓரத்தில் எழுதினேன்.

மாலையில் குழு கூடியது. நாடகத்தை நிறுத்திவிடலாம் என்றார் மேனேஜர். டாக்டர் மறுத்தார். ஏற முடிந்தவர்கள் ஏறட்டும், மாடிக்கு இருபத்திரண்டு படி, மொத்தம் அறுபத்தாறு, ஒவ்வொரு திருப்பத்திலும் நாற்காலி போடுவோம், மெதுவாக ஏறட்டும் என்றார். எனக்கு உள்ளே குதூகலம். சீக்கிரம் வேடத்தைப் பற்றிப் பேச்சு வரட்டும் என்று காத்திருந்தேன்.

"ஒண்ணே ஒண்ணுதான்," என்றார் டாக்டர். "அறுபத்தாறு படி. எல்லாம் எழுபது வயசு, எண்பது வயசு. யாராவது தடுக்கி விழுந்தா? கைப்பிடிச்சு ஏத்தி விட, மூச்சு வாங்கினா உக்கார வைக்க, நாடகம் முடியற வரைக்கும் படியிலயே ஒரு ஆள் வேணும்."

யாரும் என்னைப் பார்க்கவில்லை. அதுதான் மோசம். பார்த்திருந்தால் நான் வேறு பக்கம் பார்த்திருப்பேன்.

லிஃப்டை மூடியது யார்? நான். அந்த ஆபத்தில் ஒரு பங்கை எடுத்துப் படிக்கட்டில் வைத்தது யார்? அதுவும் நான்தான். என் தொழிலை நான் இவ்வளவு நன்றாகப் புரிந்துவைத்திருக்கக் கூடாது.

"நான் நிக்கறேன்," என்றேன்.

மருந்துக்கடைக்காரர் கண் கலங்கிவிட்டார். "சார், உங்க அளவுக்கு எனக்குப் பொய் வராது சார்," என்றார். "முயற்சி பண்ணுங்க," என்றேன்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் கொட்டித் தீர்த்தேன். நான் நல்லவன் இல்லை, வேடம் திரும்பக் கிடைக்கும் என்றுதான் சீல் வைத்தேன், சரியான காரியம்தான், ஆனால் காரணம் அழுகல், இருபத்தாறு வருடமாக வைத்த சீல்களுக்கெல்லாம்கூட என்ன காரணமோ, யாருக்குத் தெரியும் என்று.

"சீல் ஒழுங்கா நசுங்கியிருக்கா?" என்று கேட்டாள்.

"நசுங்கியிருக்கு."

"இப்ப அந்தம்மா கதவைத் திறந்தா?"

"கதவைக் கட்டிப் போட்டாச்சு. திறக்கவே முடியாது."

"அப்ப காரணத்தைக் கதவு கேக்கப் போறதில்லை. வேணும்னா ஞாயித்துக்கிழமை உக்காந்து சாவகாசமா வெக்கப்படுங்க. நாளைக்கு நானும் வர்றேன், நாற்காலி தூக்கணும்ல?" கொஞ்ச நேரம் கழித்து, "மூணு மாசமா இந்த வீட்டை எனக்கே நாப்பது தடவை வித்தீங்க," என்றாள். "எனக்கும் வருத்தமாத்தான் இருக்கு."

சனிக்கிழமை மாலை ஐம்பத்தோரு பேர் வந்தார்கள். ஒவ்வொருவராகக் கையைப் பிடித்து ஏற்றினோம். ஏற்றும்போது, படிக்கட்டில் ஏன் உயரம் எல்லாப் படிக்கும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்பதை விளக்கினேன். கால் முதல் இரண்டு படியில் அளவெடுத்துக்கொண்டு மீதியைக் கண்ணை மூடிக்கொண்டு ஏறும், ஒரு படி மாறினாலும் தடுக்கும். மூச்சு வாங்கியவர்களால் எழுந்து போக முடியவில்லை, ஆகவே முழுவதையும் கேட்டார்கள்.

நாற்பத்து நான்கு பேர் மேலே போய்ச் சேர்ந்தார்கள். ஏழு பேர் இரண்டாம் மாடித் திருப்பத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். அதற்கு மேல் ஒரு படிகூட முடியாது என்றார்கள். அவர்களில் இரண்டு முழங்காலும் அறுவைச் சிகிச்சை செய்த ஒரு ஓய்வுபெற்ற தலைமையாசிரியை இருந்தார். பக்கத்தில் ஒரு பஸ் டிரைவர். "முப்பது வருஷம் உக்காந்தே சம்பாதிச்சவன்பா நான், ஏறறதுங்கறது என் தொழில்லயே கிடையாது," என்றார். அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டு என் மனைவி நின்றாள். பின்னால் சுவரில், கட்டிப்போட்ட லிஃப்ட் கதவில், என் கையெழுத்தோடு சிவப்பு அட்டை தொங்கியது.

மேலே நாடகம் தொடங்கியது. கேட்டது, ஆனால் புரியவில்லை. தலையணைக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருந்தது. மருந்துக்கடைக்காரர் வசனத்தைத் தப்பில்லாமல், மருந்துச் சீட்டு படிக்கிற மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு வாய் அதுபாட்டுக்கு அசைந்தது.

"என்னப்பா முணுமுணுக்கறே?" என்றார் தலைமையாசிரியை.

"ஒண்ணுமில்லைம்மா, மேல நடக்கற வசனம்."

"என்ன கதை?"

விளக்கினேன். மோசடிக்காரன், வீடு, நான்கு குடும்பம். அவன் எப்படி ஏமாற்றுகிறான் என்பதையும் சொன்னேன். வீட்டில் இருக்கிற ஒரு சின்னக் குறையை அவனாகவே முதலில் சொல்லிவிடுவான், உடனே மீதி எல்லாம் உண்மை என்று எதிராளி நம்பிவிடுவார். "பல்பு ஒண்ணு எரியலை சார், எழுதிக்குங்க" என்று என்னிடம் சொல்லும் கட்டட முதலாளிகளிடமிருந்துதான் இந்த வித்தையை நான்—

"நீ என்ன பாடம் நடத்தறியா?" என்றார் அவர். "அந்த வேலையை நான் முப்பத்தஞ்சு வருஷம் பாத்தாச்சு. எனக்குத் தெரிஞ்சா செஞ்சு காட்டு, இல்லேன்னா விடு."

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் தண்ணீர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டு ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

தோள்பையைக் கழற்றி மூலையில் வைத்தேன். ஒரு புருவத்தைத் தூக்கினேன்.

"வாங்க, வாங்க! வெயில்ல வந்திருக்கீங்க, முதல்ல உக்காருங்க," என்றேன். "வீட்டைப் பத்தி அப்பறம் பேசலாம். விக்கணும்னு எனக்கு அவசரமே இல்லை. உங்க முகத்தைப் பாத்தேன், உள்ள விட்டேன். ஒரு குறை மட்டும் சொல்லிடறேன், மறைச்சு வித்தா ராத்திரி தூக்கம் வராது எனக்கு. இந்த ஜன்னல் கொக்கி இருக்கே, கொஞ்சம் லூஸ்."

"அடடா, அது ஒண்ணும் பெரிய விஷயமில்லை," என்றார் டிரைவர். என்ன நடக்கிறது என்று அவருக்கே தெரியாமல் சொன்னார்.

"உங்களை மாதிரி பெருந்தன்மையா யாரும் சொன்னதில்லைங்க! போன வாரம் ஒருத்தர் வந்தாரு, கொக்கிக்காகவே திரும்பிப் போயிட்டாரு. பாவம், கொடுத்து வைக்கலை."

"தண்ணி?" என்று கேட்டார் தலைமையாசிரியை, கண்ணைச் சுருக்கிக்கொண்டு.

"டீச்சர், குழாயை மூடறதுதாங்க கஷ்டம்."

ஏழு பேரும் சிரித்தார்கள். ஒரு பெரியவர் கைத்தடியால் தரையைத் தட்டினார். பிறகு அதே கைத்தடியைத் தூக்கி எனக்குப் பின்னால் நீட்டினார். "லிஃப்டு இருக்கே, அது ஓடுமா? ஏதோ செவப்பா தொங்குது?"

இது வசனத்தில் இல்லை. திரும்பிப் பார்த்தேன். என் கையெழுத்து என்னைப் பார்த்தது. இருபத்தாறு வருடத்தில் முதல் முறையாக ஒரு லிஃப்டைப் பற்றிப் பொய் சொல்லப் போகிறேன், அதுவும் அதை மூடிவிட்டு, யாருக்கும் ஒரு கீறலும் விழாத இடத்தில் நின்று.

"அதுவா?" என்றேன், சிரிப்பை மெதுவாக, டாக்டர் சொன்னதைவிடவும் மெதுவாக விட்டு. "ஐயா, அவ்வளவு அருமையான லிஃப்டுங்க அது. கண்டவங்களும் ஏறி அழுக்காக்கிடக் கூடாதுன்னு, அரசாங்கமே ஆள் அனுப்பி—"

மேலே கைத்தட்டல் எழுந்தது. மருந்துக்கடைக்காரர் முதல் வீட்டை விற்றுவிட்டார் போல. நாற்பத்து நான்கு பேர் தட்டினாலும் படிக்கட்டு வழியாக இறங்கி வரும்போது நானூறு பேர் மாதிரி கேட்டது. கைத்தட்டலுக்கு நடுவில் பேசினால் வசனம் வீணாகும், அது அடங்கும்வரை நடிகன் அசையாமல் நிற்க வேண்டும். விரலை நீட்டியபடியே நின்றேன். ஏழு பேரும் என் மனைவியும் மூச்சுக் காட்டாமல் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சத்தம் அடங்கியது. விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன்.